பெயர் மறைத்த கட்டுரை

பேராசிரியர் அந்தக் கட்டுரையைத் தன் ஆய்வு உதவியாளரான அவள் மேசையில் போட்டார்.

“இதுக்கும் ஒரு மதிப்புரை எழுதிக் குடும்மா. குப்பைன்னு எழுதிடு.”

கட்டுரை தேறுமா என்று கேட்டு ஆய்வுப் பத்திரிகைகள் அவருக்குத்தான் அனுப்பும். படித்து எழுதுவது எப்போதும் அவள். போவது அவர் பேரில்.

“படிச்சிட்டீங்களா சார்?”

“படிக்க என்ன இருக்கு? கடைசிப் பக்கத்தைப் பாரு. ஊர்ல இருக்கிறவன் பேரெல்லாம் போட்டிருக்கான். நான் இல்ல.”

எந்தக் கட்டுரையையும் அவர் மேற்கோள் பட்டியலிலிருந்துதான் தொடங்குவார். தன் பேர் இருந்தால் மேலே போவார். ஒருத்தர் பேரை ஒருத்தர் போட்டே ஊதிப் பெருத்த கூட்டம் அவருடையது.

அவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள். எழுதியவர் பேரைப் பத்திரிகை மறைத்திருந்தது. தலைப்பை மறைக்கவில்லை.

குடிநீர்க் குழாய்களில் துரு.

அவளுடைய குழாய். அவளுடைய துரு.

இதுவரை அவள் உழைத்ததெல்லாம் அவர் பேரில்தான் வந்தது. அவளுக்குக் கடைசி வரியில் ஒரு நன்றி. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை அவருக்குத் தெரியாமல் தன் பேரில் அனுப்பினாள். வீம்புக்கு அவரை ஓரிடத்திலும் சேர்க்கவில்லை. இது வெளிவந்தால் வேறு ஊரில் வேலை. வராவிட்டால் இதே மேசை.

நாலாம் பக்கத்துப் படத்தின் மூலையில் அவருடைய டீ கப்பே இருந்தது. மனுஷன் அதைக்கூடப் பார்க்கவில்லை.

என்னுடையது என்று வாயைத் திறந்தால் அவர் பேர் முதலில் ஏறி உட்கார்ந்துவிடும்.

“குப்பைன்னு தள்ளிட்டா உங்களுக்கு என்ன சார் லாபம்? உங்க கட்டுரை பன்னெண்டையும் பட்டியல்ல சேர்த்தா ஏத்துக்கலாம்னு எழுதுறேன்.”

பேராசிரியர் முகம் பூரித்தது.

“பதினாலுன்னு போடு. போன மாசம் ரெண்டு வந்துச்சே.”

அந்த இரண்டையும் எழுதியது அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பதினாலு என்றே மதிப்புரையில் எழுதினாள். கேட்பதும் அவள், நாளைக்குக் கேட்டபடி சேர்க்கப்போவதும் அவள்.

மதிப்புரை போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்குக் கட்டுரையைப் புரட்ட மனசு வந்தது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். புருவம் ஏறியது.

“பய கெட்டிக்காரனா இருக்கானே. யாருன்னு விசாரி, நம்ம லேபுக்கு இழுத்துடலாம்.”

“வரமாட்டாங்க சார்” என்றாள். “இது வந்த கையோட வேற ஊருக்கு வேலைக்குப் போயிடுவாங்க.”