ஐந்தாவது கோடு

"டேய் கமுக்கம், இங்க வந்து பாரு! நம்ம கோடெல்லாம் அப்படியே இருக்குடா!"

பட்டப்பெயருக்கு ஏற்றபடி டமாரம் போட்ட சத்தத்தில் சுவர்மேல் இருந்த இரண்டு புறாக்கள் பறந்தே போயின. பள்ளிக்கூடத்தின் பழைய கழிப்பிடம் அது. கூரை கிடையாது. நீளமாக ஒரு சுவர், கீழே சிமென்ட் கால்வாய், இடையிடையே மார்பளவுத் தடுப்புகள். அறுபத்து மூன்று வயதில் இரண்டு பேர் கழிப்பிடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தால் எந்தக் காவலாளிக்குத்தான் சிரிப்பு வராது? ஞாயிற்றுக்கிழமைதானே என்று திறந்துவிட்டிருந்தார். டமாரத்தின் தண்ணீர் பாட்டிலையும் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்திருந்தார்.

கமுக்கம் குனிந்து பார்த்தார். தடுப்பின் மேல் ஆணியால் கீறிய கோடுகள். அவர் பக்கம் முப்பத்தொன்று. டமாரத்தின் பக்கம் நாலே நாலு.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய போட்டி அது. மத்தியானம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசி மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். வாசலில் நிற்கும் நண்பன் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவான். அதனாலேயே அவனுக்கு விசில் என்று பெயர். யாருடைய சத்தம் விடாமல் கடைசிவரை கேட்கிறதோ அவன் ஜெயித்தான். தோற்றவன் ஜெயித்தவன் சொன்னதைச் செய்தாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

"தலைமை ஆசிரியர்கிட்டப் போயி, 'சார், இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கீங்க'ன்னு சொல்லச் சொன்னியேடா, பாவி!"

"நீயும் போய்ச் சொன்னியே!"

"சொல்லாம? தோத்துட்டேனே! ஒரு வாரம் வெளியில நின்னேன்."

இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வயதில் எதற்கும் வெட்கப்பட்டதில்லை. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

"சரி வா, ஒரு ஆட்டம் போடுவோம்," என்றார் டமாரம்.

கமுக்கத்துக்குப் பகீரென்றது. லிஃப்ட் மெக்கானிக் அவர். ஒரு வருஷமாக, போகிற கட்டடத்தில் எல்லாம் லிஃப்டைப் பார்க்கும் முன்னால் கழிப்பறை எந்த மாடியில் என்றுதான் பார்க்கிறார். போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான். வீட்டில் மனைவி கேட்டால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வாயை அடைத்துவிடுவார். டாக்டரிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவர் ஏதாவது பெரிய பெயராகச் சொல்லிவிட்டால்?

"போடா, சின்னப் பிள்ளையா நாம?"

"பயமா? முப்பத்தொண்ணு வாங்கின ஆளு!"

அந்த ஒரு வார்த்தை போதும். ரோஷத்தோடு தன் பக்கம் போய் நின்றார். டமாரமே விசிலும் ஊதினார்.

அந்தப் பக்கம் உடனே சலசலவென்று சத்தம். இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கமுக்கம் பல்லைக் கடித்தார், கண்ணை மூடினார். நாலு சொட்டு விழுந்தது, நின்றது. அந்தப் பக்கத்துச் சத்தம் நிற்கவே இல்லை. ஒரு நிமிஷம் போலக் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

டமாரம் சாவிக்கொத்தை எடுத்துத் தன் பக்கம் ஐந்தாவது கோட்டைக் கீறினார்.

"தோத்துட்டே. காலையில எட்டு மணிக்கு வர்றேன், ரெடியா இரு. டாக்டர்கிட்டப் போறோம். புராஸ்டேட்டைப் பார்க்கணும், ரத்தப் பரிசோதனை எடுக்கணும்."

"அவ சொன்னாளா?" கமுக்கத்தின் முகம் சிவந்தது.

"தங்கச்சி போன்ல அழுதுச்சுடா. ராத்திரி அஞ்சு தடவை எழுந்திருக்கிறியாம், கேட்டா எரிஞ்சு விழறியாம். டேய், விசில் எதுல போனான் தெரியுமா?"

"முதுகுவலின்னு..."

"புராஸ்டேட்ல ஆரம்பிச்ச புத்துநோய் எலும்புவரைக்கும் போயிருந்தது. வெளியில சொல்ல வெக்கப்பட்டான், போய்ச் சேர்ந்தான். உனக்கு அதுவா இருக்கணும்னு இல்லை. வயசுக்கு வர்ற சாதாரண வீக்கமாக்கூட இருக்கலாம். பார்த்தாத்தானே தெரியும்?"

கமுக்கத்துக்கு விசிலின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"சும்மா இருடா! குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போற ஆளு நீ. டாக்டர் முன்னால போய் உட்கார்றவன் கஷ்டம் உனக்கு என்ன தெரியும்? நான் வரலை."

கத்தியதில் நாக்கு உலர்ந்துவிட்டது. டமாரத்தின் தோளில் தொங்கிய பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கி வாயில் கவிழ்த்தார்.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கமுக்கம் பாட்டிலைப் பார்த்தார். டமாரத்தைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்த கால்வாயைப் பார்த்தார்.

"எனக்கு அதே நோய்தான்டா. சீக்கிரமே கண்டுபிடிச்சதால அறுத்து எடுத்துட்டாங்க, மூணு வருஷம் ஆச்சு, நல்லா இருக்கேன்," என்றார் டமாரம், வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவான குரலில். "ஆனா அடக்கி வைக்க மட்டும் இப்ப வர்றதில்லை. அடக்கினாத்தானே போட்டி?"

"கள்ளாட்டம் ஆடியிருக்கியேடா..." கமுக்கத்துக்குக் குரல் உடைந்தது.

டமாரத்தின் கையிலிருந்து சாவியை வாங்கி, அந்த ஐந்தாவது கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கீறினார்.