மூன்றாவது குழி

டம்!

பெரிய டிரம்மின் முதல் அடியில் மிளகாய் மண்டி அருஞ்சுனை வீட்டு அலமாரித் தம்ளர்கள் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தன.

கூடத்தில் பாளையம்பட்டி பேண்டு செட்டு ஏழு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் கிளாரினெட்டோடு மாஸ்டர் சங்கையா. எதிரே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தாள் கல்யாணப் பெண் ரேணுகாதேவி.

அடுத்த புதன்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் சினிமாப் பாட்டு வேண்டாம், டி.வி. கேமில் வருகிற பாட்டுத்தான் வேண்டும் என்று ரேணுகா ஒற்றைக்காலில் நின்றாள்.

சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த டி.வி. கேம் அது. திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடுவான், குழி குழியாய்த் தாண்டுவான். பின்னாலேயே பாட்டும் ஓடும்.

இப்போது அது வீட்டில் இல்லை. நிச்சயம் முடிந்த மறுநாளே, கல்யாணம் ஆகப்போகிற பெண் பித்தானை அமுக்கிக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதா என்று அப்பா அருஞ்சுனை பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பழைய சாமான் எடுக்கிற பேரீச்சம்பழக்காரனிடம் போட்டாயிற்று என்றார். சாட்சிக்கு அரைக் கிலோ பழமும் வந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர், பாட்டுக்கு மட்டும் எப்படியோ இறங்கி வந்தார். விருதுநகரில் ஒரு சிநேகிதர் வீட்டில் பதிந்து வாங்கியதாகச் சொல்லி, கேசட்டைத் தன் கையாலேயே சங்கையாவிடம் கொடுத்தார்.

ஒரே நிபந்தனை. ரேணுகா கேட்டுச் சரி என்றால் அந்தப் பாட்டு. இல்லையென்றால் சினிமாப் பாட்டு.

சங்கையா எட்டு நாள் அந்தக் கேசட்டைத் தேய்த்துவிட்டார். டிக்கு டிக்கென்ற சின்னச் சத்தத்தை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். குட்டி மனிதனின் ஓட்டம் சைடு டிரம்முக்கு. தாவல் டிரம்பெட்டுக்கு.

வாசிக்க வாசிக்க ரேணுகாவின் கட்டைவிரல் சேலை முந்தானையில் தானாகத் துடித்தது.

முதல் குழி. தாண்டியாயிற்று. இரண்டாவது குழி. டிரம்பெட் ஒரு துள்ளுத் துள்ளியது.

மூன்றாவது குழியில் கிளாரினெட், கயிறு அறுந்த வாளி கிணற்றில் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போனது. போய் அடங்கியதும் சீனிச்சாமி பித்தளைத் தட்டுகளை இரண்டு முறை மோதினார். ஜிங். சற்று விட்டு, பெரிதாக, ஜிங்ங்.

மறுபடி முதலிலிருந்து ஓட்டம். மறுபடி அதே இடத்தில் வழுக்கல். மறுபடி ஜிங், ஜிங்ங். இப்படி ஐந்து தடவை.

வாசலில் கூடியிருந்த தெரு முழுக்கக் கை தட்டியது.

சங்கையா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கேசட்டுல இருந்ததை ஒண்ணு விடாம வாசிச்சிருக்கோம் தாயி. எப்பிடி?"

ரேணுகா டிரம்பெட்டை மனதாரப் புகழ்ந்தாள். சைடு டிரம்மில் குட்டி மனிதனின் கால் தெரிகிறது என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, அந்த வழுக்கல் ஆள் குழியில் விழுந்து செத்தால் வருகிற சத்தம் என்றாள்.

அம்மா கோகிலாம்பாளின் கை தாலிக்குப் போனது. மாப்பிள்ளை நடந்து வருகிற பாதையில் ஐந்து சாவா?

சங்கையாவுக்கு முகம் தொங்கிவிட்டது. இருப்பதிலேயே அழகான இடம் என்று அந்த வழுக்கலைத்தான் இரண்டு நாள் தனியாகச் சாதகம் செய்திருந்தார்.

அதை வெட்டி எறியச் சொன்னார் நாற்காலியில் இருந்த அருஞ்சுனை.

வெட்டினால் மிஞ்சுவது அரை நிமிஷம், முதலாளி, என்றார் சங்கையா. அதையே திருப்பித் திருப்பி வாசித்தால் மண்டபம் போய்ச் சேருவதற்குள் ஜனம் அடிக்க வரும்.

மூன்றாவது குழிக்கு அப்பால்தான் அசல் பாட்டே இருக்கிறது என்றாள் ரேணுகா. மாப்பிள்ளை அதில்தான் நடந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். கேசட்டில் அது இல்லை. ஆடிய ஆள் ஒரு தடவைகூட அந்தக் குழியைத் தாண்டவில்லை.

சொல்லும்போதே ஒரு சொட்டுக் கண்ணீர் முந்தானைக்குப் போனது.

சரி, சினிமாப் பாட்டே இருக்கட்டும் என்று எழுந்தவள், ஒரு சந்தேகத்தில் நின்றாள். அந்த ஜிங், ஜிங்ங் எங்கிருந்து வந்தது? கேமில் அப்படி ஒரு சத்தமே கிடையாதே.

கேசட்டில் இருக்கிறது என்று சங்கையா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் இரண்டு. முதலில் சின்னது, அப்புறம் பெரியது. என்ன வாத்தியம் என்று பிடிபடாமல்தான் பித்தளைத் தட்டில் ஏற்றினாராம்.

அருஞ்சுனை எதையோ அடக்குகிறவர் போல மூக்கைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து மண்டியில் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே நின்றுவிட்டு வந்தவர். எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்?

தும்மினார். சின்னதாக ஒன்று.

சற்று விட்டு, பெரிதாக இன்னொன்று.

சீனிச்சாமி பழக்கதோஷத்தில் தட்டுகளைத் தூக்கிவிட்டு, அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சங்கையா கிளாரினெட்டின் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோகிலாம்பாள் அலமாரியில் மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்தாள்.

ரேணுகா அப்பாவையே பார்த்தாள்.

அருஞ்சுனை எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். மகள் பக்கத்தில் வந்து, ஊருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"சாயங்காலம் மண்டி மாடிக்கு வா தாயி. அந்த மூணாவது குழியை மட்டும் தாண்டிக் குடு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."