ஜன்னல் காற்று

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: மனிதரைக் கொல்வது போரல்ல, கொள்ளைநோயல்ல, எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே வீசும் காற்றுதான். செர்பியத் தாய்மார் எல்லோரையும் போல தேசங்காவும் இதை நம்பினாள்.

"ஈரத்தலையோட எங்கேடி கிளம்பிட்டே?"

"கீழே எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கம்மா!"

"நிக்கட்டும், வேலைவெட்டி இல்லாத கூட்டம்! ஆறு வயசுல நுரையீரல் கெட்டுப்போய் மாடிப்படிகூட ஏற முடியாம கிடந்தியே, மறந்துபோச்சா? இடுப்புல தூக்கிட்டு ஏறினவ நான்."

"இப்ப எனக்கு இருபது வயசும்மா."

"சளிக்கு வயசு தெரியுமா? கம்பளி உள்சட்டையைப் போடு."

"ஆகஸ்ட் மாசத்துலயா?"

"போடுடி!"

மகள் நெவேனா போட்டுக்கொண்டாள். தலையைத் துவட்டிவிட்ட பிறகே தேசங்கா கதவைத் திறந்தாள்.

கீழே அந்த வேலைவெட்டி இல்லாத கூட்டம் நின்றது: மேயர், பித்தளை வாத்தியக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும். முந்தின நாள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ஐரோப்பாவையே பின்னுக்குத் தள்ளியவள் நெவேனா.

"இந்த நுரையீரலை வளர்த்தது நம்ம ஊர்க் காத்து!" என்று முழங்கிய மேயர், அவள் வென்ற தங்கப் பதக்கத்தை மறுபடி அணிவிக்கக் கையிலெடுத்தார்.

"கொஞ்சம் இருங்க, ஐயா" என்று பதக்கத்தை வாங்கிக்கொண்டாள் கூடவே இறங்கி வந்திருந்த தேசங்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பிள்ளை நெஞ்சுல சில்லுனு படும்."

வாத்தியங்கள் நின்றன. ஐரோப்பாவின் தங்கம் அம்மாவின் கக்கத்தில் சூடாகிக்கொண்டிருந்தது.