கைக்கா, பேச்சுக்கா

பழுதான சர்க்யூட் போர்டுகளில் அறுந்துபோன மின்தடங்களை, மின்சாரம் பாயும் வெள்ளி மைப் பேனாவால் வரைந்து உயிர் கொடுப்பதுதான் பிரமிளாவுக்கு ரிப்பேர் கடையில் வேலை. வீட்டில் அதே பேனாவால் தினமும் காலையில் கணவர் தயாநிதியின் தோலில் இரண்டு கோடுகள் போடுவாள். பிடரியில் பதித்திருக்கும் மின்னணுச் சில்லிலிருந்து ஒன்று வலது கைக்குப் போகும், இன்னொன்று முகத்துக்கு. கோடு இருக்கும்வரை கை அசையும், பேச்சு வரும். வேர்த்தால் அழிந்துவிடும். பக்கவாதம் வந்து உடம்பு முழுக்க முடங்கிய நாலு வருடமாக இப்படித்தான்.

அந்த மையைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்று காலை பேனாவில் ஒரே ஒரு கோட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது.

எதற்குப் போடுவது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கோடில்லாமல், வாயில் வைத்ததை விழுங்குவதைத் தவிர, அவரால் இமையைக்கூட அசைக்க முடியாது. பதில் வாங்க எந்தக் கோட்டைப் போட்டாலும் மை தீர்ந்துவிடும்.

வெகுநேரம் யோசித்துவிட்டு முகத்துக்கே வரைந்தாள். தாடை வரை வந்ததும் பேனா வெறுமனே கீறியது. வாயால் ஊதினால் ஈரம் பட்டுவிடும் என்று, காயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஒரு கோட்டுக்குத்தான் மை இருந்துச்சு. கைக்கா, பேச்சுக்கான்னு உங்கள கேக்கணும்னுதான் இதப் போட்டேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"கைக்குப் போட்டிருக்கலாம்," என்றார். "ஒரு வேளையாவது நானே சாப்பிட்டிருப்பேன்."

பிரமிளா காலிப் பேனாவை மூடி வைத்தாள். "சரி, வேற ஏதாவது பேசுங்க."

"வேர்க்குது பிரமிளா."

ஃபேனைக் கூட்டி வைக்க ஓடினாள். அது ஏற்கெனவே ஐந்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.