காலைச் சீட்டு

விற்பனையாளர் ஆர்கிரிஸின் கைப்பையை முதலாளி மினாஸ் மேசைமேல் கவிழ்த்தார். சாவியும் சிகரெட்டும்தான் விழுந்தன.

“வோலோஸ் ஊர்ல இருக்கிற பெயிண்ட் கடைக்காரங்க அத்தனை பேரையும் கைக்குள்ள வெச்சிருந்தியே, அவங்க விவரமெல்லாம் எழுதின நோட்டு எங்கய்யா? எதிர்க் கம்பெனிக்கு வித்துட்டியா? பத்து நாள்ல ஒன்பது கடை அங்க போயிருச்சு!”

“எங்கிட்ட நோட்டே கிடையாது முதலாளி.”

“அப்புறம் எவனுக்கு எந்தப் புனிதர் பேரு, அவர் திருநாள் எப்பன்னு தெரிஞ்சு இருபது வருஷமா எப்படி வாழ்த்தினே? புனிதரே கனவுல வந்து சொன்னாரா?”

ஆர்கிரிஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டார். “தினமும் காலையில என் மேசையில ஒரு சீட்டு இருக்கும். இன்னிக்கு யாருக்குத் திருநாள், யாருக்குப் பேரன் பொறந்திருக்கான், யாருக்கு முழங்கால் ஆபரேஷன்... அதைப் பார்த்துத்தான் போன் போடுவேன். இந்த மாசம் பொறந்ததுலேருந்து சீட்டு வரல.”

“யாரு எழுதினது?”

“டெலிபோன் ஆபரேட்டர் எவ்கெனியா அம்மா. எல்லாம் அவங்க மனசுக்குள்ளதான். நீங்கதான் ஒண்ணாம் தேதி அவங்கள...”

மினாஸ் நாற்காலியில் சரிந்தார். ‘இனிமே கம்ப்யூட்டரே போன் எடுக்கும்’ என்று சொல்லி எவ்கெனியாவை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது.

“இன்னிக்குப் புனித மினாஸ் நாள். வாழ்த்துகள் முதலாளி!” என்றது பழகிய குரல். “முதுகுவலி தேவலையா? நான் இப்ப எதிர்க் கம்பெனியில இருக்கேன். மினாஸ்ங்கிற பேர்ல ஊர்ல இன்னும் மூணு பேர் பெயிண்ட் கடை வெச்சிருக்காங்க, அவங்களையும் கூப்பிடணும். போனை வெச்சிடட்டுமா?”