பதினோராவது வரி

ஏழாவது வரி வரும்போதே பற்றிமா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோராவது வரி அவளுடையது.

சுவிற்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகன் தேவாலயத்தில், மூடிய பெட்டிக்குள் படுத்திருந்தார் ஹுக்ஸ்ட்ரா கிழவர். மேலே வெள்ளைப் பூக்கள்.

செத்தவரின் வாழ்க்கை வரலாற்றைச் சபைக்கு வாசித்துக் காட்டுவது இந்த நாட்டு வழக்கம். சாமர்த்தியசாலிகள் அதை உயிரோடிருக்கும்போதே தயாரித்து வைத்துவிடுவார்கள். பிறரிடம் விட்டால் உண்மை ஏதும் கலந்துவிடலாம் அல்லவா?

ஹுக்ஸ்ட்ரா சாமர்த்தியசாலி. அதையும் தன் தாய்மொழியில் செய்து வைத்திருந்தார்.

ஒல்லாந்தின் வடக்கு மூலையில் பிரீஸ்லாந்து என்றொரு சீமை. மாடுகளும் வேதமும் அங்கே ஏராளம். அங்கிருந்து 1949இல் வந்து இங்கே ஒரு பாற்பண்ணையில் சேர்ந்தவர். நாற்பத்தேழு வருடங்களாக யார் அவரை ஒல்லாந்தர் என்றாலும், 'இல்லை, பிரீசியர்' என்று ஒற்றை விரலை உயர்த்தித் திருத்தினார்.

பற்றிமாவுக்கு அது விளங்கியது. இந்தியா இல்லை, இலங்கை என்று அவளும் நாளுக்கு இரண்டு தரம் திருத்துகிறவள்தான்.

பிரீசிய மொழி சபையில் அவருடைய மகள் யெட்ஸ்கேயைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. யெட்ஸ்கே ஒரு வரியை வாசிப்பாள், அதையே ஜேர்மனில் சொல்லுவாள், காய்ந்த கைக்குட்டையால் கண்ணை ஒற்றுவாள், அடுத்த வரிக்குப் போவாள். லோசான் நகரத்தில் இருப்பவள். வருடத்துக்கு ஒரு தரம், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், கையில் கேக் பெட்டியோடு வந்து, அது வெட்டப்படுமுன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்புகிறவள்.

மூன்றாவது வரி, விசுவாசம். நான்காவது வரி, குடும்பம். ஐந்தாவது வரி, விசுவாசமும் குடும்பமும். எட்டாவதில், கன்று ஈன முடியாமல் கிடந்த பசுவைக் கர்த்தர் காப்பாற்றினார். பசுவின் பெயர் ஆல்கே.

பற்றிமா காலையில் ஆசுப்பத்திரியில் தரை துடைப்பாள். பின்னேரம் ஹுக்ஸ்ட்ராவிடம் போவாள். நான்கு வருடம் அவரைக் குளிப்பாட்டினாள், நகம் வெட்டினாள், சூப்பை ஊதி ஊதிப் பருக்கினாள். போகும்போதெல்லாம் அவள் புருஷன் ஞானப்பிரகாசம் பகிடி விடுவார்.

"ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்தில எங்கட கத்தோலிக்கக் கோயிலுகளைப் பூட்டினவன். நீர் இஞ்ச வந்து அவன்ர காலைக் கழுவுறீர்!"

"அவர் ஒல்லாந்தர் இல்லை, பிரீசியர்" என்பாள் பற்றிமா, ஒற்றை விரலை உயர்த்தி.

அவளுடைய அப்பா ஊரில், இளவாலையில் செத்தபோது, கையிலிருந்த அகதி அட்டையோடு அவளால் எந்த விமானத்திலும் ஏற முடியவில்லை. அவரை யாரோ குளிப்பாட்டினார்கள்.

அதனால்தான், கிழவர் தை மாதத்தில் ஒருநாள் சொன்னதைக் கேட்டதும் குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைச் சத்தமாகத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். "பதினோராவது வரி உனக்கு. 'முதுமையில் கர்த்தர் எனக்கு இரண்டாவது மகளைத் தந்தார்.' அப்படித்தான் போடுகிறேன்" என்றிருந்தார்.

இன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு, கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்து, வரமாட்டேன் என்று நின்ற புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நாலு பேர் முன்னால் மகள் என்று சொல்லப்படும்போது, தன் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டாமா?

யெட்ஸ்கே பதினோராவது வரியைத் தொடங்கினாள். அதன் ஓசை பற்றிமாவுக்குப் பாடம். அவள் ஞானப்பிரகாசத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஜேர்மனில் வந்தது.

"கர்த்தர் எனக்கு ஒரேயொரு மகளைத் தந்தார். கடைசிவரை அவளே என்னைத் தாங்கினாள். எந்த அந்நியர் கையும் எனக்குத் தேவைப்படவில்லை."

தான் இவ்வளவு செய்திருக்கிற விஷயம் யெட்ஸ்கேக்கே அப்போதுதான் தெரியவந்தது போலும். முதல் தடவையாகக் கைக்குட்டை நனைந்தது.

"எங்கை உம்மட வரி?" என்றார் ஞானப்பிரகாசம், மெதுவாக.

"வரும்" என்றாள் பற்றிமா.

பன்னிரண்டாவது வரி ஆமென்.

போதகர் எழுந்து, யெட்ஸ்கேயின் கையிலிருந்த தாளை வாங்கித் தூக்கிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோசேயின் கற்பலகைகளைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே குரல் அவருக்கு வந்திருந்தது.

"எண்பத்திரண்டு வயது! ஓர் எழுத்தாவது நடுங்கியிருக்கிறதா, பாருங்கள். விசுவாசம் உறுதிப்படுத்திய கை இது!"

தாள் வாங்கு வாங்காக, வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

ஞானப்பிரகாசம் அதை வாங்கினார். அந்த மொழியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 'i' எழுத்துகளின் மேலே, புள்ளி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி வட்டங்கள். இளவாலைக் கன்னியர் மடத்தில் சிஸ்டர்மார் பழக்கிவிட்ட வட்டங்கள். பற்றிமா நிரப்பிய அகதி விண்ணப்பம் முழுக்க இருந்த அதே வட்டங்கள்.

அவர் பெண்சாதியின் வலக்கையைப் பார்த்தார்.

கை நடுங்குகிறது, நீ எழுது என்று தை மாதம் முழுக்க, அவளுக்கு விளங்காத தன் மொழியில் எழுத்தெழுத்தாகச் சொன்னார் கிழவர். பதினோராவது வரியை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அதில் பிழை வந்துவிடக் கூடாதாம்.