துபாய்க்குப் போக நல்ல மாதம்

“ஜூன்ல வரட்டுமாப்பா?” என்று சுலைஹா போனில் மகனைக் கேட்டாள்.

“ஜூன் வேணாம்மா. வெயில் பொசுக்கிரும் லா. வெளிய கால் வைக்க முடியாது.”

ஷாருல் துபாய்க்குப் போய் ஏழு மாதமாகிறது. இங்கே மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பார்த்த வேலை போய், எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அங்கே ஓர் ஓட்டலில் வேலை கிடைத்துவிட்டது என்றான். அவன் கிளம்பும் முன் சுலைஹா தெருவில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மகனைப் பார்க்க எப்போது போகிறீர்கள்?

இன்று கீழ்க்கடையில் பயண ஏஜென்சி நடத்தும் துளசியே மாடியேறி வந்துவிட்டாள். மாதத்தை மட்டும் சொன்னால் போதும், டிக்கெட் போட்டுவிடலாம் என்று எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப செப்டம்பர்?”

“அப்பவும் சூடுதாம்மா. மணல் காத்து வேற.”

“நவம்பர்ல குளிர ஆரம்பிச்சிரும்னு துளசி சொல்றாளே.”

“நவம்பர்ல எங்களுக்கு லீவே கிடைக்காது. நீங்க வந்து ரூம்ல தனியா உட்கார்ந்திருப்பீங்க.”

எந்த மாதத்தைச் சொன்னாலும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது.

“சரி, சாப்பிட்டியா?”

“இப்பத்தாம்மா பசியாறினேன். வேலைக்குக் கிளம்பணும்.”

இங்கே உச்சி வெயில். துபாய் நாலு மணி நேரம் பின்னால்; அங்கே இன்னும் காலைதான்.

அப்போது தெருக்கோடியிலிருந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு தொடங்கியது. சுலைஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போனுக்குள்ளும் பாங்கு கேட்டது.

தன் வீட்டுச் சத்தம்தான் திரும்பி வருகிறது என்று முதலில் நினைத்தாள். மறு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். போனில் அது இன்னும் பலமாகக் கேட்டது. நடுவே மோட்டார் சைக்கிள்கள் போயின. அதே மோதினாரின் குரல். அதே செருமல்.

காலை ஒன்பதரை மணிக்குத் துபாயில் எந்தப் பள்ளிவாசலிலும் பாங்கு சொல்ல மாட்டார்கள்.

ஷாருல் பேச்சை நிறுத்திவிட்டான். போனை வைக்கவும் இல்லை. பாங்கு முடியும் வரை இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு வாப்பா என்று தொண்டை வரை வந்தது. துளசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜனவரிதாம்மா நல்ல மாசம்” என்றான் ஷாருல். “அப்ப வாங்க.”

“சரிப்பா.”

அவன் போனை வைத்துவிட்டான்.

“என்னக்கா, எந்த மாசமாம்?” என்றாள் துளசி.

சுலைஹா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால் கீழே எங்காவது நிற்பான். பார்த்துவிட்டால், அப்புறம் அவன் எங்கே போவான்?

“ஜனவரி” என்றாள். “அப்பத்தான் வெயில் இருக்காதாம்.”